வருடக்கணக்கில் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பதற்றம் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள்

2017-இல் டிகிரி முடித்தேன், 2023-இல் இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்தேன். நடுவில் இருந்த ஆறு வருடமும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 என்ற ஒரு தேர்வுக்காகவே போனது. 2018 பிப்ரவரி, 2019 செப்டம்பர், அப்புறம் கொரோனா தாண்டி 2022 ஜூலை என்று மூன்று தேர்வு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனால் அங்கே படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். முதலில் ஏதாவது கணக்கு கேட்பார்கள். கணக்கு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் புத்தக ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருப்பார்கள், அப்புறம்தான் உண்மையான கேள்வி வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

அக்கா, சிலர் பிறவியிலேயே நிதானமானவர்கள். நான் ஹால் டிக்கெட் டவுன்லோடு ஆக நேரமானாலே கை நடுங்குகிற ஆள். எனக்கெல்லாம் இது சரிவருமா?

சரிவரும். நானும் கை நடுங்குகிற ஆள்தான், இன்றைக்கும் நடுங்கும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனதை நினைத்துப் பாருங்கள். 18 வயது. 14 ஆட்டம் கொண்ட போட்டியில் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்கள் கையில் இருந்தும் தோற்றார். மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தார். 11-ஆவதில் ஜெயித்து முன்னால் போனவர் 12-ஆவதில் மறுபடியும் தோற்றார். கடைசி ஆட்டத்தில் எதிரில் ஆடிய திங் லிரன் யானையைத் தவறான இடத்துக்கு நகர்த்தியதும் ஆட்டம் இவர் பக்கம் வந்தது. அது வரைக்கும் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்த பையன் ஜெயித்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகை அந்த நிமிடத்தில் புதிதாகப் பிறந்ததா என்ன? மூன்று வாரமும் உள்ளேயே இருந்ததுதான். அதை வைத்துக்கொண்டே ஆடப் பழகியிருந்தார், அவ்வளவுதான். அதற்கென்றே பேடி அப்டன் என்கிற மனப்பயிற்சியாளர் அவருடன் வேலை பார்த்தார், 2011-இல் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்தவர். உலக சாம்பியனே ஆள் வைத்துப் பழகுகிறார் என்றால், 'எனக்கு அந்தச் சுபாவம் இல்லை' என்று நீங்களும் நானும் ஒதுங்கிக்கொள்வதில் நியாயமில்லை.

தேர்வு நாள்கூடப் பரவாயில்லை. நோட்டிஃபிகேஷன் எப்போது, ரிசல்ட் எப்போது என்று காத்திருக்கிறதுதான் கொல்கிறது. என்ன செய்வது?

என் அனுபவத்தில் மூன்று மணி நேரத் தேர்வைவிட அதைச் சுற்றியிருக்கும் காத்திருப்பு ஆளைத் தின்றுவிடும், இதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

2019 செப்டம்பரில் எழுதிய பிறகு அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24-ஆம் தேதிதான் நடந்தது. அந்தத் தேர்வை 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், ரிசல்ட் 2023 மார்ச்சில் வந்தது. அவ்வளவு விடைத்தாள் திருத்தி, இடஒதுக்கீடு பார்த்துப் பட்டியல் போட நாள் ஆகத்தான் செய்யும், அது புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரிய வேண்டுமே! அந்த எட்டு மாதத்தில் முதல் இரண்டு மாதம் நான் படிக்கவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை. காலையில் கண் விழித்ததும் போன். பல் தேய்க்கும்போது போன். டெலிகிராம் குரூப்பில் யாரோ 'இந்த வாரம் கன்ஃபார்ம்' என்று போட்டால் அன்று சோறு இறங்காது, வாரம் முடிந்து எதுவும் வராவிட்டால் அடுத்த மூன்று நாள் காய்ச்சல் வந்தமாதிரி கிடப்பேன்.

அதிலிருந்து வெளியே வர உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பழைய ஆனந்த விகடன் அட்டை போட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு வரி, அதற்கு மேல் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். 'எட்டாம் வகுப்பு வரலாறு இரண்டு பாடம், தனிவட்டி 20 கணக்கு, மாலை நடை.' இவ்வளவுதான் வரி. ரிசல்ட் என்ற சொல் அந்த நோட்டில் வரக் கூடாது என்பது என் சட்டம். முதல் பத்து நாள் அது விளையாட்டுமாதிரி இருந்தது. ஒரு மாதம் கழித்து ராத்திரி அதைப் புரட்டினால் முப்பது வரி கண்ணுக்குத் தெரிந்தது, நாட்கள் சும்மா போகவில்லை என்று கை தொட்டுச் சொல்ல முடிந்தது. ரிசல்ட் எந்தத் தேதியில் வரும் என்பதில் எனக்கு எந்தப் பிடியும் கிடையாது, தனிவட்டியில் இருந்தது. எனக்குப் பிடி உள்ள பக்கம் காலை ஊன்றிக்கொண்டேன்.

அப்புறம் தேர்வாணைய இணையதளத்தைப் பார்க்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு முறை பார்ப்பேன். ரிசல்ட் வந்தால் அது ஓடிப்போகாது, ஆறு மணிக்கும் அங்கேதான் இருக்கும். டெலிகிராம் குரூப்களில் பாடக்குறிப்பு தரும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியிலிருந்து வெளியே வந்துவிட்டேன். கட்-ஆஃப் கணிப்புப் பேச்சு ஓடும் குரூப்பில் நிம்மதியாக இருந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போதே அடுத்த தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிடுங்கள். 'இது வந்துவிட்டால் அது வீண்தானே' என்று தோன்றும். வந்துவிட்டால் வீணாகட்டும், அந்த நஷ்டத்தைச் சந்தோஷமாகத் தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில்தான் பிரஷர் அதிகம். அப்பா எதுவும் பேச மாட்டார், அம்மா தினமும் கேட்பார். சொந்தக்காரர்கள் வந்தால் நான் ரூமை விட்டு வெளியே வருவதில்லை.

பெண்பிள்ளையாக இருந்தால் இதோடு கல்யாணப் பேச்சும் சேரும். ஒவ்வொரு வரனும் ஒரு கெடு மாதிரி வந்து நிற்கும். எனக்கு 24 வயதில் எங்கள் அத்தை முற்றத்தில் உட்கார்ந்து, "படிச்சது போதும்டி, வயசு நிக்குமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் மேல் உயிர். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே பேசினேன். "அம்மா, நீ தினமும் கேட்டா நான் தினமும் பொய் சொல்ல வேண்டியிருக்கு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை கேளு. எத்தனை டெஸ்ட் எழுதினேன், எவ்வளவு மார்க்கு, எதுல தப்பு, எல்லாத்தையும் நானே உக்காந்து சொல்றேன்." அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "நடுவுல கேக்கணும்னு தோணுச்சுன்னா?" என்று கேட்டார். "தோணினா எனக்கு ஒரு டீ போட்டுக் குடு, நான் புரிஞ்சுக்கிறேன்" என்றேன். அப்புறம் பல நாள் நான் கேட்காமலேயே டீ வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை நான் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. நீங்களும் தவறவிடாதீர்கள். வீட்டுக்குத் தேவை நாம் சும்மா இல்லை என்ற நம்பிக்கை, அதை நாமாகக் கொடுத்துவிட்டால் கேள்வி பாதியாகக் குறைந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டால் அவர்கள் பயம் இரண்டு மடங்காகும், அது சுற்றி நம்மிடமே வரும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். 'படிச்சிட்டிருக்கேன் மாமா, வந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்.' சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போய்விடலாம்.

கூடப் படித்த தோழிக்கு வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷமாகவும் இருக்கிறது, ராத்திரி அழுகையாகவும் வருகிறது. நான் கெட்டவளா?

இல்லை கண்ணு. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும், இருக்கட்டும். அவளுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், ஒரு வாரம் கழித்து அவள் நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் வேலைக்குப் போனவளின் பொருளாதார நோட்டை வைத்துத்தான் நான் 2022-இல் எழுதினேன்.

ஹாலில் திடீரென்று எல்லாம் மறந்துபோகிறது. தெரிந்த கேள்விகூடப் புதிதாகத் தெரிகிறது. அந்த நிமிடம் என்ன செய்வது?

2019-இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 117-ஆவது கேள்வி குழப்பியது, அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டினேன். 118-இன் விடையை 117-இன் வட்டத்தில் நிரப்பிவிட்டேன். தெரியவில்லை. அப்படியே வரிசையாகப் போய், 131-ஆவது கேள்விக்கு நிரப்பிவிட்டு, விடை வட்டங்கள் உள்ள ஓஎம்ஆர் ஷீட்டைப் பார்க்கிறேன், என் பேனா 130-இல் நிற்கிறது. பால்பாயிண்ட் பேனா, அழிக்க முடியாது. 14 வட்டம். காது அடைத்துக்கொண்டது, மின்விசிறிச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. வினாத்தாளில் இருப்பது தமிழ்தான் என்று தெரிகிறது, படித்தால் பொருள் வரவில்லை.

பேனாவைக் கீழே வைத்தேன். அது வேண்டுமென்று செய்ததல்ல, விரல் விட்டுவிட்டது. வினாத்தாளைக் கவிழ்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கால் இரண்டையும் சிமெண்ட் தரையில் அழுத்தினேன், ஜில்லென்று இருந்தது. மூச்சை மெதுவாக வெளியே விட்டேன், உள்ளே இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து, ஐந்தாறு தடவை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மட்டுப்படும், உடம்பின் அமைப்பே அப்படித்தான், அதனால்தான் நீளமாக வெளியே விடச் சொல்கிறேன். அப்புறம் மனதுக்குள் ஒரு கணக்கு போட்டேன்: போனது 14, மீதி இருப்பது 70. 131-இன் வட்டம் இன்னும் காலி. அங்கிருந்து ஆரம்பித்தேன்.

அந்த வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஆன்சர் கீ வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தேன், அந்தக் கடைசி எழுபதில்தான் என் தவறுகள் மிகக் குறைவு. அதைப் பார்த்த பிறகுதான் இன்னொரு முறை எழுதலாம் என்ற தைரியம் வந்தது.

அதற்கப்புறம் என் முறையை மாற்றிக்கொண்டேன். ரஃப் வேலைக்கு விட்டிருக்கும் பக்கத்தில் பத்துக் கேள்விக்கு விடையைக் குறித்துக்கொள்வது, பத்தையும் சேர்த்து ஷீட்டில் நிரப்புவது, பத்தாவது வட்டத்தில் எண்ணை உதட்டசைத்துப் படித்துச் சரிபார்ப்பது. நிரப்புகிற அந்த நேரம் மூளைக்கும் ஒரு சின்ன ஓய்வு.

மாடல் டெஸ்ட்டில் 170 சரியாக வருகிறது. உண்மையான தேர்வில் 140 தாண்டுவதில்லை. ஏன்?

மாடல் டெஸ்ட்டை எப்படி எழுதுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு, நடுவில் காபி குடித்து, போனில் விடையைத் தட்டினால் அது வேறு தேர்வு. உண்மைத் தேர்வு காலையில், மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண், மர பெஞ்ச், பக்கத்தில் இருமும் ஆள். வாரத்துக்கு ஒன்றையாவது அப்படியே எழுதுங்கள், அதே நேரம், அதே மாதிரிப் பேனா, அச்சடித்த ஓஎம்ஆர் ஷீட். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். வீட்டில் தனியாக எழுதாமல் நூலகத்தில் நாலு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் இடம் உண்டு, மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம்.

ஹாலில் எடுக்க வேண்டிய முடிவுகளை வீட்டிலேயே எடுத்து வையுங்கள். எந்தப் பகுதியை முதலில் தொடுவது, ஒரு கணக்குக்கு எத்தனை நிமிடம், தெரியாத கேள்வியை என்ன செய்வது. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஊகித்தாவது நிரப்புவது லாபம். ஐஏஎஸ் மாதிரிப் பதவிகளுக்கான யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் (பிரிலிம்ஸ்) தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அங்கே எதுவரை துணியலாம் என்று பழைய வினாத்தாள்களில் உங்களையே சோதித்துப் பார்த்து ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஹாலில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் அங்கேயே பதற்றம் தொடங்கிவிடும்.

கொஞ்சம் பயம் இருந்தால்தானே படிப்பு ஓடும்? முழுக்க அமைதியாகிவிட்டால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?

உண்மைதான், கொஞ்சம் வேண்டும். 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு மின்அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். எளிதான வேலையை எலிகள் கடுமையான அதிர்ச்சியிலும் வேகமாகக் கற்றுக்கொண்டன. கடினமான வேலைக்கு நடுத்தர அளவு அதிர்ச்சிதான் ஒத்துவந்தது, அதற்கு மேல் போனால் கற்பது மந்தமானது. மனிதர்கள் எலிகள் இல்லை, ஆனாலும் என் வினாத்தாளில் இதை நான் பார்த்திருக்கிறேன். நூறு தடவை படித்த திருக்குறள் கேள்விகள் எந்தப் பதற்றத்திலும் கைக்கு வந்துவிடும். 200-இல் 25 ஆக வரும் திறனறிவு, கணக்குக் கேள்விகள்தான் முதலில் காலை வாரும். அதனால் படபடப்பு இருக்கும்போது கணக்கைத் தொடாதீர்கள், தமிழில் ஆரம்பித்து, கை சூடானதும் அங்கே போங்கள்.

எத்தனை வருடம் முயற்சி செய்வது? விட்டுவிடுவது தோல்வியா?

யுபிஎஸ்சிக்குக் கணக்கு வெளியிலிருந்தே வந்துவிடும், பொதுப்பிரிவினருக்கு 32 வயது, ஆறு முறை. ஓபிசிக்கு 35, ஒன்பது முறை. டிஎன்பிஎஸ்சியில் பலருக்கு அப்படி ஒரு சுவர் பக்கத்தில் தெரிவதில்லை, அதனால் நாமே ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். அதை ரிசல்ட் வந்த ராத்திரி கட்டக் கூடாது. மனது சமநிலையில் இருக்கும் ஒரு சாதாரண நாளில், வீட்டு வரவுசெலவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இன்னும் இரண்டு நோட்டிஃபிகேஷன் வரை' என்பது மாதிரி எழுதி வையுங்கள்.

பகுதிநேரமாவது ஏதாவது சம்பாதியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். 2020-இல் இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் டியூஷன் எடுத்தேன், மாதம் 3,000 ரூபாய் வரும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் இருந்ததில் தோளிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த ஒரு வாசலை விட்டால் வேறு கதியே இல்லை என்ற நிலையில் எழுதுகிறவரின் கை கட்டாயம் நடுங்கும். குறித்த தேதி வந்து நீங்கள் வேறு வேலைக்குப் போனால், படித்த சரித்திரமும் கணக்கும் கூடவே வரும். என்னுடன் படித்த ஒரு தம்பி இப்போது வங்கியில் இருக்கிறான்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடப்பு நிற்பதில்லை. செத்துவிடலாமா என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது.

இதற்கு என் நோட்டும் மூச்சும் போதாது. புத்தகத்தை மூடிவிட்டு இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தால் தமிழில் பேசுவார்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-உம் கட்டணமில்லாதது, எந்த நேரமும் எடுப்பார்கள். தேர்வு அடுத்த முறையும் நடக்கும். நீங்கள் இருக்க வேண்டும்.

நாளைக் காலை தேர்வு அக்கா. இப்போது என்ன செய்ய?

புதிதாக எதையும் திறக்காதீர்கள். தேர்வு மையம் எங்கே, எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இன்று மாலையே போய் கேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். ராத்திரிக்கு இட்லி மாதிரி லேசாக. தூக்கம் வராவிட்டால் பயப்பட வேண்டாம், கண்ணை மூடிப் படுத்திருந்தாலே உடம்புக்கு ஓய்வுதான். ஒரு ராத்திரி குறைந்ததால் நீங்கள் படித்தது அழிந்துவிடாது.

காலையில் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு தாளில் உங்கள் பயத்தையெல்லாம் அப்படியே எழுதுங்கள், 'தமிழில் கோட்டை விட்டுவிடுவேனோ, அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன்' என்று எது வந்தாலும். 2011-இல் ஜெரார்டோ ரமிரேஸ், சியான் பெய்லாக் இருவரும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய, பயம் அதிகமுள்ள மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். நான் 2022-இல் எழுதினேன், ஒரு பக்கம் முழுக்க வந்தது. மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன்.

இப்போது ஹால் டிக்கெட், அசல் அடையாள அட்டை, கருப்பு மை பால்பாயிண்ட் பேனா மூன்று, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் எடுத்து வையுங்கள். பேனா மூன்றையும் ஒரு தாளில் கிறுக்கிப் பாருங்கள், மை வருகிறதா என்று. பையை வாசல் பக்கம் மாட்டிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்து நாளை ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள்.